விருந்தாளி வீடும் வீட்டுக்காரர் வீடும்

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் மான்களைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு மான், பெரியவர்களுக்கு மலையுச்சியில் இருக்கும் சுவாமி. இரண்டுக்கும் நடுவே, இராணுவத்தின் பொறுப்பில் இருக்கும் கோட்டைக்குள் நிற்கும் ஒரு பழைய வீட்டில் அநேகமாக எவருடைய கண்ணும் தங்குவதில்லை. அதற்கு வெல்லெஸ்லி இல்லம் என்று பெயர். வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டும் அந்த வீட்டைப் பற்றி ஒரு கதை சொல்லப்படும். 1800ஆம் ஆண்டளவில் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அங்கே நோயாய்க் கிடந்தாராம். போகவேண்டிய கப்பலைத் தவறவிட்டாராம். அந்தக் கப்பல் ஒருவர் மிச்சமில்லாமல் கடலில் மூழ்கியதாம். தப்பியவர்தான் பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி, 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தார். ஆக, திருகோணமலைக் காய்ச்சல் ஒன்று ஐரோப்பாவின் தலைவிதியை மாற்றிவிட்டது!

நல்ல கதைதான். ஆனால் அதில் ஊர் மாறியிருக்கிறது. 1800ஆம் ஆண்டின் இறுதியில் வெல்லெஸ்லி திருகோணமலைக்கு வந்தது உண்மை. கிழக்கே பத்தாவியாவை நோக்கியோ மொரீசியஸை நோக்கியோ போவதற்கான ஒரு படை இங்கே திரட்டப்பட்டது. அதற்கு அவர் பொறுப்பாக இருந்தார். பிறகு எகிப்துப் பக்கம் போகவேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் 1801 பெப்ரவரியில் படையைப் பம்பாய்க்குக் கொண்டுபோனார். காய்ச்சலும் தோல் நோயும் அவரைப் பிடித்தது பம்பாயில். அவர் ஏறாமல் விட்ட ‘சுசானா’ என்ற கப்பல் புறப்பட்டதும் பம்பாயிலிருந்துதான். காய்ச்சல் பம்பாயினுடையது; பெருமையை மட்டும் எங்கள் ஊர் எடுத்துக்கொண்டது.

இதைச் சொல்வது வழிகாட்டிகளின் பிழைப்பில் மண் போடுவதற்காக அல்ல. அந்தக் கதை இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு ஒரு பெயர்கூட மிஞ்சியிருக்காது. திருகோணமலையில் எந்தப் பழைய வீடு நினைவில் நிற்கிறது, எது மறைகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பெரிய இடத்து விருந்தாளி ஒருவர் சில வாரம் தங்கினார் என்ற பேச்சு போதும், வீட்டுக்கு ஆயுள் கூடிவிடுகிறது. மூன்று தலைமுறை வாழ்ந்து, பிள்ளை பெற்று, கல்யாணம் முடித்து, செத்த வீடும் கொண்டாடிய வீட்டுக்காரர்களின் வீட்டுக்கு அந்த யோகம் இல்லை.

உள் துறைமுக வீதியில் இன்னொரு வீடு இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளர் இல்லம். கோட்டைக்குள் இருப்பதைவிட இதன் கதை திருத்தமானது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி துறைமுகத்தைக் கட்டியாண்ட காலத்தில், துறைமுகத்தின் மேலதிகாரி கடலைப் பார்த்தபடி இருப்பதற்காக எழுந்தது. அந்தத் துறைமுகம் எத்தனை பேருக்கு வேண்டியிருந்தது என்பதற்கு 1782ஆம் ஆண்டு ஒன்றே போதும். சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். ஒரே ஆண்டில் மூன்று கொடி. பிறகு திரும்ப ஒல்லாந்தர் கைக்கு வந்து, 1795இல் கடைசியாக ஆங்கிலேயரிடம் போனது. கொடி மாறினாலும் வீடு மாறவில்லை; வந்தவர்கள் எல்லோருக்கும் உதவியது. பருத்த தூண்கள், அகன்ற விறாந்தை, தடித்த சுவர், உயர்ந்த கூரை. உப்புக்காற்றையும் சித்திரை வெயிலையும் மார்கழி மழையையும் ஒன்றாகச் சமாளிக்க மின்விசிறி இல்லாத காலத்து மனிதர் கண்டுபிடித்த வழி இது.

அந்த வீடு நெதர்லாந்து அரசின் நிதியுதவியோடும் மத்திய கலாசார நிதியத்தின் உழைப்போடும் பழுதுபார்க்கப்பட்டு, 2013இல் கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். போர் முடிந்து நாலைந்து வருடத்துக்குள், இடிபாடாகப் போகவிருந்த ஒன்றை நிமிர்த்தி மக்கள் உள்ளே போய்ப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். குறை ஒன்றுதான். ஒல்லாந்தர் கட்டியதற்கு ஒல்லாந்தர் நாடு காசு கொடுத்தது. எங்கள் பாட்டன் கட்டியதற்கு எந்த நாடு கொடுக்கும்?

பாலையூற்றிலிருந்து கண்டி வீதியால் பட்டணத்துக்குள் வந்து, பெரிய வீதிகளை விட்டு உள்ளொழுங்கைகளில் திரும்பினால் அந்த வீடுகளின் மிச்சம் மீதியை இன்றும் காணலாம். வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, மரத்தூண் நிறுத்திய விறாந்தை, நிலைக்கதவின் மேலே காற்றுப் போகச் செதுக்கிய மரச்சட்டம், உள்ளே நாற்சாரமாகச் சுற்றி ஓடும் தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த முற்றம். மழை பெய்தால் நாலு பக்கத்துத் தண்ணீரும் பீலியால் முற்றத்தில் விழும். அங்கே ஒரு அண்டா வைத்திருப்பார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தால் கல்லும் சுண்ணாம்பும். சில இடங்களில் முருகைக்கல். கூரையில் முதிரைச் சலாகை, கள்ளிக்கோட்டை ஓடு. அந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் மங்களூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் முத்திரை இருக்கும். பாசல் மிஷன் என்ற சுவிஸ் நாட்டுக் கிறிஸ்தவ சபை 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கி, கடல் கடந்த துறைமுகங்களுக்கும் கூரை போட்ட கதை அது. ஒரு சாதாரண வியாபாரி வீட்டுக் கூரையில் சுவிஸ் சபையும் மலையாளக் கரையும் பாய்மரக் கப்பலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. வெலிங்டன் பிரபுவுக்கு இது எந்த விதத்தில் குறைந்த வரலாறு?

இந்த வீடுகளைக் கொன்றவர்கள் பலர். 1964 டிசம்பர்ப் புயல் ஓடுகளை அள்ளிக்கொண்டு போனது. 1983இலிருந்து மாறி மாறி நடந்த எரிப்புகளும் இடப்பெயர்வும் வீடுகளை ஆளில்லாமல் ஆக்கின. ஆளில்லாத ஓட்டு வீடு மூன்று மாரிக்கு மேல் தாங்காது. ஒரு ஓடு விலகினால் சலாகை உக்கும், சலாகை உக்கினால் சுவர் நனையும். போர் ஓய்ந்த பிறகு வந்த கொலையாளி சீமெந்து.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்யும் கேடு இது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளே இழுக்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். கடற்கரை மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தோடு உப்பும் ஏறும். பூச்சும் சுண்ணாம்பாக இருக்கும் வரை அந்த உப்பு வெளிப்பூச்சில் பூத்து உதிர்ந்துவிடும். சில வருடத்துக்கொருமுறை வெள்ளையடித்தால் சரி. அப்படியொரு சுவரில் பூச்சு உதிர்கிறது என்று வீட்டுக்காரர் மேசனைக் கூப்பிடுகிறார். மேசன் சீமெந்தால் பூசி மெழுகிவிடுகிறார். அன்றைக்குப் பார்க்க அழகு. ஆனால் ஈரம் வெளியே போக வழியில்லை. உப்பு உள்ளேயே படிந்து பளிங்காகி, பருத்து, கல்லையே தூளாக்கத் தொடங்கும். இரண்டு மூன்று வருடத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது பின்னால் கல்லுக்குப் பதில் மாவு இருக்கும். “பழஞ்சுவர், இனிச் சரிவராது, இடிப்போம்” என்று அதே மேசன் சொல்வார். சுவர் பழசானதால் சாகவில்லை, வைத்தியத்தால் செத்தது.

சரியான வைத்தியம் தெரிந்த கைகள் இப்போது குறைவு. முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தால் 1980களில் தடைசெய்யப்பட்டது. பவளப்பாறை போனால் கரையும் போகும் என்பதால் அது நியாயமான தடை. ஆனால் அதோடு சூளையும் போயிற்று, சூளையோடு சுண்ணாம்பு நீற்றத் தெரிந்தவர்களும் போனார்கள். சுண்ணக்கல்லைச் சுட்டு, நீற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு குழைத்துப் பூசும் வேலை இன்றைக்கும் செய்யக்கூடியதே. மத்திய கலாசார நிதியத்தின் வேலைத்தலங்களில் செய்கிறார்கள். அங்கே பழகிய கைவேலை ஒழுங்கைக்குள் இருக்கும் ஒரு குடும்ப வீட்டுக்கு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

அரசாங்கம் ஏன் இவற்றைக் காக்கவில்லை என்று கேட்பது சுலபம். அதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருள்களையே தொல்பொருள் என்று வரையறுத்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. (வாட்டர்லூவும் அதே ஆண்டு. எங்கள் பழைய வீடுகளுக்கு 1815 ராசியில்லாத எண் போலும்.) பிந்திய கட்டடங்களை வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்க வழி உண்டு. அப்படிப் பாதுகாக்கப்பட்டால் ஒரு ஆணியடிக்கவும் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பழுதுபார்க்கும் செலவோ உரிமையாளர் தலையில். எந்த வீட்டுக்காரர் தானாக முன்வந்து இதற்குத் தலை கொடுப்பார்?

திருகோணமலையில் இதற்குமேல் ஒன்று இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தின் மஞ்சள் பலகை என்றாலே இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் தங்கள் காணி உறுதியைத் தேடி எடுத்துப் பார்ப்பார்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, அதன் முதற்பட்டியலில் ஒரு தமிழர் இல்லை, ஒரு முஸ்லிம் இல்லை. மூவினமும் வாழும் மாகாணத்துக்கு அப்படி ஒரு செயலணி! கன்னியா வெந்நீரூற்றில் பிள்ளையார் கோயில் காணி பற்றி நடந்த இழுபறியும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இந்த நிலையில் “உங்கள் வீடு மரபுரிமைச் சொத்து” என்று யாராவது வந்து சொன்னால், அது வாழ்த்தாகக் காதில் விழாது. இடித்துக் கொங்கிறீற் போட்டுவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதிக்காகவே இடிக்கிறவர்களும் உண்டு. பாதுகாக்க வந்த சட்டமே இடிப்பதற்குக் காரணமாகிறது என்றால், கோளாறு இடிப்பவரிடம் மட்டும் இல்லை.

அரசையும் திணைக்களத்தையும் விட்டுவிட்டு ஒரு வீட்டைக் காப்பாற்றிய கதை கொழும்பில் நடந்தது. பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்கும் அவருடைய கணவர், முன்னாள் பொலிஸ் மா அதிபர் ஒஸ்மண்ட் டி சில்வாவுக்கும் கொள்ளுப்பிட்டி அல்பிரட் பிளேஸில் 1960களின் தொடக்கத்தில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா ஒரு வீடு கட்டினார். அந்தக் காலத்துக் கொழும்பில் வசதியானவர்கள் தோட்டத்தின் நடுவே வெள்ளைக்கார பங்களா கட்டிக்கொண்டிருந்தார்கள். பாவா வீட்டைத் தெருவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, நடுவில் பெரிய முற்றத்தைத் திறந்து, அறைகளை அதைச் சுற்றி ஓடவிட்டார். உலகக் கட்டடக்கலைப் புத்தகங்கள் அந்த வீட்டை இன்றும் பேசுகின்றன. எங்கள் பாட்டிமார் பார்த்திருந்தால் “நாற்சார் வீடுதானே?” என்றிருப்பார்கள்.

2009இல் அந்தக் காணி பக்கத்து மருத்துவமனைக்கு விற்கப்பட்டது. வீடு போகவேண்டியதுதான் என்ற நிலை. அப்போது பாவாவோடு தொடர்புடைய அறக்கட்டளைகள் ஒரு முடிவெடுத்தன. வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து, தூண், நிலை, கல் என்று கழற்றியவற்றுக்கு இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவா உருவாக்கிய லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். கட்டடக்கலைஞர் அமிலா டி மெல் அந்த வேலையில் முன்னின்றார். 2016 அளவில் வீடு மறுபடி எழுந்துவிட்டது. இப்போது விருந்தினர் தங்கலாம். ஈனா டி சில்வா அதை முழுதாகப் பார்க்காமல் 2015இல் காலமானார்.

அந்த முயற்சியில் இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒன்று, வீட்டுக்கு அப்போது ஐம்பது வயதுதான். 1815க்கு முந்தியதா என்று யாரும் நாள் பார்க்கவில்லை. மற்றது, எல்லாவற்றுக்கும் முதல் வேலையாக அளந்து வரைந்தார்கள். வரைபடம் இருந்தால் வீட்டைத் திரும்பக் கட்டலாம். குறைந்தது எப்படி இருந்தது என்றாவது பேரப்பிள்ளைக்குக் காட்டலாம். இடம் மாற்றிக் கட்டுவதற்குப் பணம் வேண்டும், ஒப்புக்கொள்ளலாம். எல்லா வீட்டுக்கும் ஒரு பாவா கிடைக்கமாட்டார், அதையும் ஒப்புக்கொள்ளலாம். அளவு நாடாவுக்கும் ஒரு கமராவுக்கும் எவ்வளவு செலவாகும்?

எதுவுமே செய்யாமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு யாழ்ப்பாணத்து மந்திரிமனை இருக்கிறது. நல்லூர் இராசதானியின் மந்திரி இருந்த இடம் என்று ஊர் நம்புகிறது. இன்று நிற்கும் கட்டடத்தில் ஐரோப்பியர் காலத்துப் பாணி கலந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகையும் உண்டு. தேர்தல் காலத்திலும் நினைவுநாள்களிலும் அதன் முன்னால் நின்று பேசியவர்களுக்குக் கணக்கில்லை. 2025 செப்டெம்பர் மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விழுந்த பிறகு எல்லோரும் வந்து படம் எடுத்தார்கள். பலகை மழையைத் தடுக்கவில்லை.

வேறு வழி இருக்கிறது; புதுச்சேரியில் இருக்கிறது. பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களைப் பார்க்கப் போகும் பயணிகள் பலர் வாய்க்காலைத் தாண்டித் தமிழ்ப் பகுதிக்குள் வருவதில்லை. அங்கே வைசியாள் வீதி என்று ஒரு தெரு. எங்கள் திருகோணமலை வீடுகளின் ஒன்றுவிட்ட சகோதரங்கள்: திண்ணை, தெருவுக்கு நிழல் தரும் தாழ்வாரம், மரத்தூண், உள்முற்றம். 2000களின் தொடக்கத்தில் இன்டாக் என்ற இந்திய மரபுரிமை அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித் திட்டமொன்றின் கீழ், அந்தத் தெருவின் வீட்டு முகப்புகளைச் சீர்செய்தது. அவர்கள் வீட்டைப் பறிக்கவில்லை. செலவில் ஒரு பங்கைத் திட்டம் ஏற்றது, மறுபங்கை வீட்டுக்காரர் போட்டார். குடும்பம் உள்ளே வழக்கம்போல் சமைத்து, தூங்கி, சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. 2008இல் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. காலிக் கோட்டையிலும் நெதர்லாந்து உதவியோடு தனியார் வீடுகள் திருத்தப்பட்டன. ஆனால் அங்கே வீடுகள் நிமிர்ந்த வேகத்தில் விலையும் நிமிர்ந்து, பழைய குடும்பங்கள் பல விற்றுவிட்டுப் போக, வீடெல்லாம் விடுதியாகிவிட்டது. கோப்பிக் கடையாக மாறிய வீடு இடிந்த வீட்டைவிட மேல். குடும்பம் குடியிருக்கும் வீடு கோப்பிக் கடையைவிட மேல். திருகோணமலைக்கு முன்மாதிரி வேண்டுமானால் காலியைவிட வைசியாள் வீதி பொருத்தம்.

இதை இங்கே யார் செய்வது? தொல்பொருள் திணைக்களம் வேண்டாம். மேலே சொன்ன காரணத்தால் அதன் வாகனம் ஒழுங்கைக்குள் வந்தாலே கதவு சாத்தப்படும். பட்டணத்து உள்ளூராட்சி மன்றம் தொடங்கலாம். கட்டட அனுமதி கொடுப்பது அவர்கள்தான். எந்த வீடு இடிபடப் போகிறது என்பது முதலில் தெரிவதும் அவர்களுக்கே. பழைய வீட்டை இடித்துக் கட்ட விண்ணப்பம் வரும்போது, அனுமதியை மறுக்க வேண்டியதில்லை. முகப்பையும் விறாந்தையையும் வைத்துக்கொண்டு பின்னால் மாடி எழுப்புகிறவருக்கு ஆதன வரியில் கழிவு கொடுக்கலாம். எப்படியும் இடிப்பேன் என்பவரிடம், இடிப்பதற்கு முன் ஒரு வாரம் அளந்து படமெடுக்க மட்டும் அனுமதி கேட்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கும் பிள்ளைகளும் இந்த வேலையை ஒரு பயிற்சியாகவே செய்வார்கள். பட்டியல் தயாரிக்கும் குழுவில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரும் இருக்கட்டும். எங்கள் பட்டணத்து வீடுகளைக் கட்டியவர்களும் மூவர்தான். பட்டியலில் பெயர் வந்தால் காணி உறுதிக்கு ஒரு பங்கமும் வராது என்று மன்றத்தின் தலைவர் கையெழுத்திட்டு எழுத்தில் கொடுக்கட்டும். அந்த ஒரு கடிதத்தோடு பாதிக் கதவு திறக்கும்.

மீதிப் பாதிக் கதவின் திறப்பு லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பலவற்றின் உரிமையாளர்கள் அங்கேதான். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வீடு, ஐவரும் ஐந்து நாட்டில். விற்கவேண்டி வருவதில் தப்பில்லை. ஆனால் அட்டோர்னித் தத்துவத்தில் கையெழுத்து வைக்குமுன் இங்கிருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் சொல்லி, ஒவ்வொரு அறையையும், நிலைக்கதவையும், முற்றத்தையும், கூரையின் உட்பக்கத்தையும் படமெடுத்து, நீள அகலத்தை ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஓட்டைத் திருப்பி முத்திரையையும் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டைக் கட்டியது யார், எந்த ஆண்டு, எந்த ஊர் ஓடாவி என்று தெரிந்த பெரியவர் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இன்னும் இருப்பார். இந்தக் கிழமையே அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.